தூக்கம் வரவில்லையா? எப்படி வரவில்லை என்பதிலிருந்து தொடங்குவோம்

பினாங்கு, ஜெலுத்தோங் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். "அக்கா, தூக்கத்துக்கு ஏதாவது குடுங்க" என்று யாராவது வந்து நிற்காத வாரம் கிடையாது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எப்படித் தூக்கம் வரலை?" படுத்தால் கண் மூடவே மாட்டேன் என்கிறதா, நடுராத்திரியில் விழிப்பு வருகிறதா, விடியுமுன் எழுந்துவிடுகிறீர்களா, தூங்கி எழுந்தும் களைப்பா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஒருவருக்குக் கேட்ட வைத்தியம் இன்னொருவருக்குக் கெடுதலாகவும் முடியும். அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு உரிய பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

## எதற்கும் முன், ஒரு நோட்டுப் புத்தகம்

இரண்டு வாரம் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், ஏறக்குறைய எப்போது தூங்கினீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், பகலில் எவ்வளவு நேரம் கண்ணயர்ந்தீர்கள், கடைசிக் கோப்பி எப்போது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். காலையில் எழுந்ததும் உத்தேசமாக எழுதினால் போதும். ராத்திரியில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குறிக்கக் கூடாது. அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். கட்டிலிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற கடிகாரம் இருந்தால் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள்.

எழுதும்போதே சிலருக்கு விடை கிடைத்துவிடும். தூங்காத இரவுகளெல்லாம் மமாக் சாப்பாட்டுக் கடையில் ராத்திரி நண்பர்களோடு உட்கார்ந்த நாள்களாக இருக்கும்.

வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாகத் தொடர்ந்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். ஒரு சாவு, வேலை போன கவலை, பிள்ளையின் எஸ்.பி.எம். பரீட்சை என்று காரணம் தெரிந்து வந்த தூக்கக்கேடு பெரும்பாலும் தானாக அடங்கும். அந்த நாள்களில் "விட்ட தூக்கத்தைப் பிடிக்கிறேன்" என்று எட்டு மணிக்கே படுக்கப் போவதும், காலையில் போர்வைக்குள் கிடப்பதும்தான் பல பேருக்கு ஒரு வாரத் தொல்லையை ஒரு வருடத் தொல்லையாக மாற்றுகின்றன.

## படுத்து ஒரு மணி நேரம் ஆகியும் கண் மூடவில்லை

முதலில் கோப்பி, தேநீர். காஃபின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும், கர்ப்பிணிகளுக்கு மிக அதிகம். மாலை 6 மணிக்குக் குடித்த கோப்பியின் பாதி இரவு 11 மணிக்கும் உள்ளே இருக்கிறது. பகல் முழுவதும் விழித்திருக்க இருக்க, மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போய் நமக்குத் தூக்கச் சொக்கலைத் தருகிறது. காஃபின் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, சொக்கல் தெரியாதபடி மறைத்துவிடுகிறது. "எனக்குக் கோப்பி குடிச்சாலும் தூக்கம் வரும்" என்பவர்கள் உண்டு. தூங்குகிறார்கள் என்பது உண்மைதான். ஆழ்ந்த தூக்கம் குறைந்திருக்கும், காலையில் இன்னொரு கோப்பி கேட்கும்.

நம் ஊர்க் கடைகளில் போடும் கோப்பிக்கு ரொபஸ்தா கொட்டையை நிறைய சேர்ப்பார்கள். அரபிக்காவைவிட அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபின். வரக்கோப்பியை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தே தாரிக், இல்லையென்றால் தே ஓ ஐஸ் லிமாவ் குடிப்பவர்களைப் பார்க்கிறேன். குளிர்ந்த எலுமிச்சைத் தேநீரும் தேநீர்தான். இரண்டு வாரம், மதியச் சாப்பாட்டோடு எல்லாவற்றையும் நிறுத்திப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தலைவலி வரலாம், அது போய்விடும்.

கோப்பி காரணமில்லை என்றால் கட்டிலைப் பாருங்கள். படுக்கையிலேயே கைப்பேசி, படுக்கையிலேயே வீட்டுக் கணக்கு, படுக்கையிலேயே வாட்ஸ்அப் குடும்பச் சண்டை என்று இருந்தால், தலையணையைப் பார்த்ததும் மூளை விழித்துக்கொள்ளப் பழகிவிடும். ஹாலில் டிவி முன்னால் சொக்கி விழுகிறவர், அறைக்குள் வந்து படுத்ததும் தெளிந்துவிடுகிறார் அல்லவா, அதற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான். இதை உடைக்க 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன வழி இன்றும் முதல் வரிசையில் இருக்கிறது. கண் சொக்கினால் மட்டும் படுங்கள். இருபது நிமிடம் போல ஆகியும் தூங்கவில்லை என்று தோன்றினால் எழுந்து வெளியே வாருங்கள். மங்கலான வெளிச்சத்தில், சுவாரசியமில்லாத ஏதாவது செய்யுங்கள்: துணி மடிக்கலாம், பழைய வார இதழ் புரட்டலாம். மறுபடி சொக்கினால் படுங்கள். ஒரே இரவில் நான்கு முறை எழ வேண்டி வந்தாலும் எழுங்கள். காலையில் எழும் நேரம் மட்டும் மாறவே கூடாது.

"அக்கா, ரெண்டு ரூம் ஃபிளாட்ல ஆறு பேரு படுத்திருக்கோம், எங்க எழுந்து போறது?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. வேறு அறை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பாயிலிருந்து எழுந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாலும் போதும். படுத்த நிலையில் போராடாமல் இருப்பதுதான் முக்கியம்.

கவலைக்குத் தனியாக ஒரு நேரம் கொடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் கால் மணி நேரம், ஒரு தாளில் நாளை செய்ய வேண்டியவை, கட்ட வேண்டிய கடன், பேச வேண்டிய ஆள் என்று எழுதிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அடுத்து செய்யப்போகும் ஒரு சின்ன வேலை. படுக்கையில் அதே எண்ணம் வந்தால், "எழுதியாச்சு, நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லிக்கொள்ளத் தைரியம் இருக்கும்.

அறைச் சூடும் ஒரு காரணம். தூங்கப் போகும்போது உடம்பின் உள்சூடு இறங்க வேண்டும். பகல் முழுவதும் வெயில் வாங்கிய அடுக்குமாடிச் சுவர் ராத்திரியும் அனல் விட்டுக்கொண்டிருக்கும். படுப்பதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் குளியுங்கள். கை, கால்களுக்கு ரத்தம் ஓடி, உள்சூடு வெளியேறும். ஏசி இல்லாவிட்டாலும் விசிறியும் இந்தக் குளியலும் சேர்ந்தால் நல்ல வித்தியாசம் தெரியும். விசிறியின் ஓசை வெளியே போகும் மோட்டார் சைக்கிள் இரைச்சலையும் கொஞ்சம் மூடும்.

## இரவு ஒன்று, இரண்டு வரை உற்சாகம், காலையில் எழுப்பவே முடியவில்லை

இது பெரும்பாலும் இளைஞர்களின் பிரச்சினை. பெற்றோர் இதைச் சோம்பல் என்று திட்டுகிறார்கள். பதின்ம வயதில் உடம்புக் கடிகாரம் இயல்பாகவே பின்னால் தள்ளிப் போகிறது, பிள்ளைமேல் குற்றமில்லை.

நம் நாட்டில் அதோடு இன்னொன்றும் சேர்கிறது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தி, சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்கினார்கள். அதனால் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தின் 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு. விடிவதே ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில்தான். ஏழரை மணிப் பள்ளிக்குப் பிள்ளைகள் இருட்டில் எழுந்து, இருட்டில் குளித்து, வேனில் ஏறுகிறார்கள். மாலையில் ஏழு மணிக்கு மேலும் வெளிச்சம். உடம்புக் கடிகாரத்தை முன்னால் இழுப்பது காலை வெளிச்சம், பின்னால் தள்ளுவது இரவு வெளிச்சம். நமக்குக் காலை வெளிச்சம் குறைவு, இரவில் கைப்பேசி, விளக்கு, கடைத்தெரு என்று வெளிச்சம் அதிகம்.

சரிசெய்யும் வழி: சனி, ஞாயிறிலும் எழும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளக் கூடாது. விடிந்ததும் அரை மணி நேரம் வெளியே நிற்க வேண்டும், நடந்தால் இன்னும் நல்லது. மேகமூட்டமாக இருந்தாலும் வெளிவெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு. பள்ளி நாளில் முடியாவிட்டால் ஓய்வு வேளையில் மாணவர் வெயில் பக்கம் உட்காரட்டும். இரவு ஒன்பதரைக்கு மேல் வீட்டின் பெரிய விளக்குகளை அணைத்து, கைப்பேசிகளை எல்லாரும் ஹாலில் சார்ஜ் போடுங்கள். அப்பா அம்மாவின் கைப்பேசியும் அதில் சேர வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை கேட்காது.

## தூங்குகிறேன், ஆனால் நடுராத்திரியில் விழிப்பு

எதற்காக விழித்தீர்கள் என்று அந்த நேரமே ஒரு நொடி கவனியுங்கள்.

சிறுநீருக்கு என்றால், இரவில் இரண்டு முறைக்கு மேல் போகிறவர் முதலில் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் அந்த விகிதம் இன்னும் அதிகம். ஐம்பது தாண்டிய ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர், அதைக் காலையில் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாலையில் கால் வீங்குகிறவர்கள் படுப்பதற்குச் சில மணி நேரம் முன்பே காலை உயர்த்தி வைத்து உட்கார்ந்தால், அந்த நீர் படுத்தபின் சிறுநீராக இறங்காமல் முன்பே இறங்கிவிடும்.

வியர்த்து, நெஞ்சு படபடத்து, பசியோடு விழித்தால், அதுவும் இன்சுலின் போடுகிறவர் என்றால், உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். இறங்கியிருந்தால் இனிப்பு எடுத்துக்கொண்டு, மறுநாளே டாக்டரைப் பார்த்து அளவைச் சரிசெய்ய வேண்டும். இதைத் தூக்கப் பிரச்சினை என்று தள்ளிப் போடக் கூடாது. நாற்பத்தைந்து, ஐம்பது வயதுப் பெண்களுக்கு உடம்பு குப்பென்று சூடாகி வியர்த்தால் மாதவிடாய் நிற்கும் பருவத்தின் அறிகுறியாக இருக்கும். அதற்கும் சிகிச்சை உண்டு, வெட்கப்படாமல் கேளுங்கள்.

நெஞ்செரிச்சல், வாயில் புளிப்பு, படுத்தால் இருமல்: பத்து மணிக்கு மேல் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் அமிலம் மேலே ஏறத்தான் செய்யும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். தலைப்பக்கக் கட்டில் காலுக்கு அடியில் பலகை வைத்து உயர்த்துங்கள், இடது பக்கம் சாய்ந்து படுங்கள்.

மது குடித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் சீக்கிரம் வரும். உடம்பு அதை எரித்து முடிக்கும் நேரத்தில், இரவின் பின்பாதியில், தூக்கம் துண்டு துண்டாக உடையும். தூங்குவதற்கென்று குடிக்கத் தொடங்கியவர்கள் அளவை ஏற்றிக்கொண்டே போவதை நான் பார்த்திருக்கிறேன். இதை எவ்வளவு சீக்கிரம் விடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. தினமும் நிறைய குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. டாக்டர் துணையோடு குறைக்க வேண்டும்.

## விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே விழித்து, பிறகு தூக்கமில்லை

வயதானவர் என்றால், இரவு எட்டு மணிக்கு டிவி நாடகத்தின் முன் தூங்கி விழுகிறாரா என்று பாருங்கள். எட்டரைக்குத் தூங்கியவர் மூன்றரைக்கு விழிப்பது ஏழு மணி நேரத் தூக்கம். பழுது எதுவும் இல்லை, நேரம்தான் முன்னால் நகர்ந்திருக்கிறது. தண்ணீர்மலைப் பூங்காவுக்கு இருட்டில் நடக்கப் போகும் பெரியவர்கள், அந்த நடையை மாலை ஐந்தரைக்கு மாற்றிப் பார்க்கலாம். மாலை வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும். பகல் தூக்கம் வேண்டுமென்றால் மூன்று மணிக்குள், அரை மணி நேரம். தூக்கமும் பசி மாதிரிதான், சாயங்காலம் நொறுக்குத் தீனி தின்றவருக்கு ராத்திரிச் சோறு இறங்காது.

ஆனால் விடியற்காலை விழிப்போடு மனம் கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு பிடிக்காமல், "நான் இருந்து யாருக்கு என்ன" என்ற எண்ணமும் வந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதைக் குணப்படுத்தினால்தான் தூக்கம் திரும்பும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அந்த இரவைத் தனியாகக் கடத்தாதீர்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள். மனம் விட்டுப் பேச உதவும் பிஃபிரெண்டர்ஸ் தொலைபேசிச் சேவையின் 03-7627 2929 எண்ணில் எந்த நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணும் இருக்கிறது, அது காலை எட்டு முதல் நள்ளிரவு வரை. எழுப்பினால் தொந்தரவாக இருக்குமே என்று யோசிக்க வேண்டாம். உங்கள் வீட்டில் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

## எட்டு மணி நேரம் தூங்கியும் களைப்பு

கூடப் படுப்பவரைக் கேளுங்கள். சத்தமான குறட்டை, நடுவில் மூச்சே இல்லாமல் அமைதி, பிறகு திணறலோடு ஒரு பெரிய மூச்சு என்று சொன்னால், அது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய். பத்து நொடி, அதற்கு மேலும் மூச்சு நின்று நின்று, மூளை ஒவ்வொரு முறையும் உங்களைப் பாதி எழுப்பிவிடுகிறது. காலைத் தலைவலி, வறண்ட வாய், சமிக்ஞை விளக்கில் காரை நிறுத்தியதும் சொக்குவது இதன் அடையாளங்கள். கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், ரத்த அழுத்தமும் உண்டு என்றால் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

இவர்களுக்குத்தான் தூக்க மாத்திரை மிகவும் ஆபத்து. தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி, மூச்சை இன்னும் அடைக்கும். டாக்டரிடம் தூக்கப் பரிசோதனைக்கு எழுதித் தரக் கேளுங்கள். எடை குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும். கடுமையாக இருந்தால் முகமூடி வழியாகக் காற்று செலுத்தும் சிபாப் கருவி தேவைப்படும்.

## படுத்தால் காலில் குறுகுறுப்பு, ஆட்டாமல் இருக்க முடியவில்லை

மாலையில் தொடங்கி, ஓய்வில் அதிகமாகி, எழுந்து நடந்தால் குறையும் என்றால், இரும்புச் சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை எடுங்கள். ரத்தம் சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். மாதவிடாய் அதிகம் போகும் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது அடிக்கடி வரும். சோற்றோடு தேநீர் குடிப்பது இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். இரும்பு மாத்திரையை அளவு தெரியாமல் நீங்களாகத் தொடங்காதீர்கள். சளி, அரிப்புக்குத் தரும் தூக்கக் கலக்க மாத்திரைகள் இந்தக் குறுகுறுப்பை அதிகமாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

## ஷிஃப்ட் வேலை

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியதிலிருந்து இந்தத் தீவில் ராத்திரி வேலை பார்க்கிற வீடுகள் ஏராளம். ராத்திரி ஷிஃப்டுக்கு முன் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். கோப்பி ஷிஃப்டின் முதல் பாதியில் மட்டும். காலையில் கம்பெனி பேருந்தில் வருகிறவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். வெளிச்சம் கண்ணில் பட்டால் தூக்கம் தள்ளிப் போகும். மோட்டார் சைக்கிளில் சொக்கலோடு பினாங்குப் பாலம் ஏறாதீர்கள், புறப்படும் முன் இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டு வாருங்கள். அறைக்கு அடர்த்தியான திரை, காதுக்கு அடைப்பான். வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பகல் பதினொரு மணிக்கு அவருக்கு நடுராத்திரி. குக்கர் விசில், அழைப்பு மணி, "பில் கட்டிட்டியா" என்று கேட்க எழுப்புவது எல்லாம் மூன்று மணிக்கு மேல் இருக்கட்டும்.

## எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் பிடிபடவில்லை

இப்போது நோட்டுப் புத்தகம் கைகொடுக்கும். இரவு 10 முதல் 6 வரை படுக்கையில் எட்டு மணி நேரம் இருந்து, சராசரியாக ஐந்தரை மணி நேரம் மட்டும் தூங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இனிமேல் படுக்கையில் ஐந்தரை மணி நேரம்தான்: எழுவது அதே 6 மணி, படுப்பது 12.30. கிடைக்கும் நேரத்தில் 85 சதவீதம், அதாவது ஏறக்குறைய நாலே முக்கால் மணி நேரம், ஒரு வாரம் தூங்கிவிட்டால் படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னால் கொண்டுவாருங்கள். அடுத்த வாரம் இன்னொரு கால் மணி. எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் படுக்கையில் இருக்கும் நேரத்தை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைக்காதீர்கள்.

ஆர்தர் ஸ்பீல்மன் 1987-இல் வெளியிட்ட முறை இது. தூக்கமில்லாதவரைக் குறைவாகப் படுக்கச் சொல்வது கேட்கக் கொடுமையாக இருக்கும், முதல் ஒன்றிரண்டு வாரம் பகலில் சொக்கும். ஆனால் சிதறிக் கிடந்த தூக்கம் ஒன்றுசேர்ந்து ஆழமாகும். இதுவும் பூட்சினின் முறையும் கவலையைக் கையாளும் பயிற்சியும் சேர்ந்ததைத்தான், மாத்திரைக்கு முன் முதல் சிகிச்சையாகத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி (ஏ.சி.பி.) என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. வலிப்பு, இருதுருவ மனநோய், மூச்சடைப்பு உள்ளவர்களும், லாரி, கிரேன் ஓட்டுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

## மாத்திரையும் கைவைத்தியமும்

சளி மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடுவது நம்மிடம் சாதாரணமாகிவிட்டது. குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்றவை சில நாளிலேயே பழகிப் போய் வேலை செய்யாது. வயதானவர்களுக்குக் குழப்பம், தடுமாறி விழுதல், சிறுநீர் அடைப்பு எல்லாம் வரலாம். தாத்தா பாட்டிக்கு இதைக் கொடுக்காதீர்கள். மாறாக, நீங்கள் சாப்பிடும் வேறு மருந்து தூக்கத்தைக் கெடுக்கிறதா என்று பாருங்கள்: ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன், மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் இரண்டும் அடிக்கடி மாட்டும்.

வெதுவெதுப்பான பால், எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, பாதத்தில் நல்லெண்ணெய் தடவுவது: தாராளமாகச் செய்யுங்கள். உடம்பு தளரும், மனம் அடங்கும். பாலில் ஜாதிக்காய் என்று சொல்லும் பாட்டிகள் சிட்டிகை அளவைத்தான் சொன்னார்கள். பாலிக் பூலாவ் பக்கம் ஜாதிக்காய் எளிதாகக் கிடைக்கிறது என்பதால் ஒரு முழுக் கொட்டையை அரைத்துக் குடிக்கக் கூடாது. ஐந்து கிராம் அளவிலேயே படபடப்பும் வாந்தியும் பிரமையும் வரக்கூடும்.

மேலே சொன்னதெல்லாம் ஒரு மாதம் செய்தும் மாறவில்லை என்றால் நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உள்ள அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். தூக்க மாத்திரை எழுதித் தந்தால் மூன்றைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்: எத்தனை நாளைக்கு, மற்ற மருந்துகளோடு சேருமா, எப்படி நிறுத்துவது. மாதக்கணக்கில் ஏற்கெனவே சாப்பிட்டு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று விட்டால் தூக்கம் முன்னைவிட மோசமாகக் கெடும், சிலருக்கு வலிப்புகூட வரும். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க டாக்டர் ஒரு அட்டவணை போட்டுத் தருவார்.